உள்பக்கத்து நாற்காலி

ஐம்பதுகளில் எங்கள் தெருவில் பிடில்காரி என்றால் நான் ஒருத்திதான். தேக்கா மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்பாவின் மிளகாய் மில் இருந்தது. அதற்கு மேல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கை தைப்பேன். சாயங்காலம் மில் நின்றதும் பாயை விரித்துப் பிடிலை எடுத்துவிடுவேன். கீழே வேலை முடித்தவர்கள் தும்மிக்கொண்டே நின்று கேட்பார்கள். நவராத்திரிக்கு அம்மன் கோயிலில் பாட வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பக்கவாத்தியம். "மில்லுக்காரர் பொண்ணா? பிரமாதமா வாசிக்குமே" என்று நாலு பேர் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அந்தப் பேச்சு எனக்குச் சோறு மாதிரி. ஒரு வேளை கிடைக்காவிட்டாலும் முகம் தொங்கிவிடும்.

மூன்று வீடு தள்ளி இருந்த அவளும் வாசித்தாள். நான் பிடில் என்றால் அவள் வயலின் என்பாள். கத்தோலிக்கக் குடும்பம். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நான் சம்மணம் போட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பேன். அவள் நின்றுகொண்டு தாடையில் இடுக்கிக்கொள்வாள். "கழுத்து சுளுக்கிக்காதாடி?" என்று கேட்பேன். "ஒனக்குக் கால் மரத்துப் போகாதா?" என்பாள். மாதா கோயில் திருநாளன்று பாடகர் குழுவோடு சேர்ந்து நாலு பாட்டு வாசிப்பாள், அவ்வளவுதான். அதனால் அவள்மேல் எனக்கு நிறையப் பிரியம் இருந்தது.

அவள் பள்ளிக்கூட டீச்சராகச் சேர்ந்த வருடம் அந்தப் பிரியத்துக்குச் சோதனை வந்தது. வெள்ளைக்காரர்கள், சீனர்கள், யூரேசியர்கள் என்று ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாசிக்கிற ஓர் இசைக்குழுவில் அவளை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் வேலை நேரம் போக வந்து வாசிக்கிறவர்கள். ஒவ்வொரு சனிக்கிழமை பிற்பகலும் டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஒத்திகை. அத்தனை ஆண்கள் நடுவில் வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப அவள் அப்பாவுக்கு மனசு வரவில்லை. மறுக்கவும் மனசு வரவில்லை, மகள் மேடை ஏறப்போகிறாளே. நேராக எங்கள் மில்லுக்கு வந்தார்.

"நீ கூடப் போறியாம்மா? நீ இருந்தா எனக்குக் கவலையில்ல. ஒனக்கும் சங்கீதம் தெரியும்ல" என்றார்.

"போறேன் மாமா" என்றேன்.

இப்படித்தான் நான் துணைக்குப் போகிறவள் ஆனேன். துணைக்குப் போகிறவளுக்கு வேலை என்னவென்றால், சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன்னால் ஏற முடியாத இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

ஏற முடியாத இடம் என்று சும்மா சொல்லவில்லை. முதல் மாதமே என்னையும் சேர்த்துக்கொள்வார்களா என்று அவளைக் கேட்கச் சொன்னேன். அவளும் ஆசையாகக் கேட்டாள். குழுவை நடத்திய வெள்ளைக்காரர் அடுத்த வாரம் பிடிலைக் கொண்டுவரச் சொன்னார். மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து, எனக்கு நன்றாக வரும் வர்ணம் ஒன்றை இரண்டு காலத்திலும் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் உண்மையாகவே ரசித்தார், அதை நான் மறுக்க மாட்டேன். பிறகு ஒரு தாளை என் முன்னால் வைத்து, இதை வாசி என்று சைகை செய்தார். தாளில் ஐந்து கோடும் அவற்றின் மேல் எறும்பும்தான் எனக்குத் தெரிந்தன. நான் படித்தது எல்லாமே காதால் கேட்டுப் படித்தது. அவர் சிரித்த முகத்தோடு தாளை எடுத்துக்கொண்டார். அவள் எனக்காக இங்கிலீஷில் என்னமோ பேசிப் பார்த்தாள். எனக்காக அவள் பரிந்து பேசியதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்த வாரமும் துணைக்குப் போனேன். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் பொறாமை என்று தெரிந்துவிடுமே.

அங்கே இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். இருவர் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்து வாசிப்பார்கள். அவளுக்கு ஜோடி ஒரு சீனப் பெண், பெரியாஸ்பத்திரியில் தாதி. மெல்லிய உருவம், சோடாப்புட்டிக் கண்ணாடி. இடைவேளையில் வாழையிலையில் சுற்றிய கொய் பலகாரம் கொண்டுவந்து அவளுக்கு ஊட்டாத குறையாகக் கொடுப்பாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தாளில் பென்சிலால் என்னவோ குறிப்பார்கள், சிரிப்பார்கள். எல்லாம் இங்கிலீஷ். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் பாதி புரியாது. அந்தத் தாதி நல்லவள். எனக்கும் ஒரு துண்டு நீட்டி, "மாக்கான்லா, ஆடிக்" என்று மலாயில் தங்கச்சி முறை சொல்லிச் சாப்பிடச் சொல்வாள். நான் வயிறு சரியில்லை என்பேன். கச்சேரி வரைக்குமான ஏழு மாதமும் எனக்கு வயிறு சரியில்லாமல்தான் இருந்தது.

அவர்கள் பழகியது, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வியன்னா நகரத்தில் ஒருவர் எழுதிவைத்த சிம்பொனி. நாலு பகுதி கொண்டது என்று அவள் எனக்கு விளக்கினாள். ஒத்திகையில் அதை முழுசாகக் கேட்கவே முடியாது. பத்து வினாடி போகும், அவர் குச்சியால் தட்டி நிறுத்துவார். திரும்ப அதே பத்து வினாடி. சில நாள் தடித்த குழல் ஊதுகிறவர்கள் மட்டும், சில நாள் காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய பிடில்காரர்கள் மட்டும். எனக்கோ முதலிலிருந்தே ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

"பாடறது யாருடி?" என்று பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"யாரும் பாடமாட்டாங்க."

"அப்ப நீங்க அத்தன பேரும் யாருக்குப் பக்கவாத்தியம்?"

"ஒருத்தருக்கு ஒருத்தர்தான்" என்றாள்.

நல்ல பதில் என்று அப்போதே தெரிந்தது. அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கச்சேரி நாள் வந்தது. ஆற்றோரத்தில் மணிக்கூண்டு வைத்த பெரிய மண்டபம். அவள் அப்பாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அவர் வரவில்லை. "தொரமாரெல்லாம் வர்ற எடம், நான் எங்க உக்கார்றதுன்னே தெரியாது. நீதான் போறியேம்மா, பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். ஆனால் அதற்கு முந்தின வாரமே மாதா கோயில் வாசலில் பார்த்தவரிடமெல்லாம் மகள் வெள்ளைக்காரர்களுக்குச் சமமாக வாசிக்கப்போவதைச் சொல்லியாகிவிட்டது.

அவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். ரவிக்கை நான் தைத்தது. வில் போடும் கை தூக்க வசதியாகக் கைக்குழியைத் தளர்த்தி வெட்டியிருந்தேன். மூன்றாவது வரிசையில் எனக்கு இடம். அவள் உட்கார்ந்திருந்தது மேடையில் இடது பக்கம், மூன்றாவது ஸ்டாண்டில். சபையைப் பார்த்த ஓரத்து நாற்காலியில் அந்தத் தாதி, அதற்கு உள்பக்கத்து நாற்காலியில் அவள். தாதியின் கண்ணாடிக்குப் பின்னால் பாதி முகம்தான் எனக்குத் தெரிந்தது. இதிலும் அந்தச் சீனப் பெண்ணா குறுக்கே, என்று இருந்தது.

பிறகு ஆரம்பித்தார்கள். ஏழு மாதமாகத் துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோரத்து பெஞ்சில் எனக்கு எரிச்சலூட்டிய அந்தத் தடித்த குழல்கள் சரியான இடத்தில் உள்ளே நுழைந்தன. தம்பூரா இல்லை, மிருதங்கம் இல்லை. ஆனாலும் காலடியில் தரை இருப்பது போல ஓர் ஆதாரம் இருந்துகொண்டே இருந்தது. என் விரல்கள் தன்னால் தொடையில் தாளம் போட்டன. பக்கத்திலிருந்த துரைசாணி என் கையைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது பகுதி மெதுவானது. பிடில்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஒரு வரியை இழுத்து, முடிக்காமல் குழலின் கையில் கொடுத்தன. நான் வாசித்த எந்தக் கச்சேரியிலும் ஒரு வரியை முடிக்காமல் இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் நான் பொறாமைப்படவில்லை என்று சத்தியம் செய்யலாம்.

அதற்கப்புறம் அவளுடைய சத்தத்தைத் தேட ஆரம்பித்தேன். எனக்கு அவள் வில் பழக்கமான வில். மூன்று வீட்டுக்கு அப்பாலிருந்து வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இத்தனை பேருக்கு நடுவில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கரைந்துபோயிருந்தாள். அம்மன் கோயிலில் நான் ஒரு ஸ்வரம் தப்பினால் ஊருக்கே கேட்கும். ஊருக்கே கேட்பதால்தானே எனக்குப் பெயர். இவளுக்கு அப்படிப்பட்ட பயமும் இல்லை, பெயர் மட்டும் பேப்பரில் வருமா? அந்த நினைப்பு வந்ததும் பழைய எரிச்சல் முழுசாகத் திரும்பி வந்தது.

கடைசிப் பகுதி வேகமானது. எல்லா வில்லும் பறக்கின்றன. அப்போதுதான் பார்த்தேன். அவள் வாசிப்பதை நிறுத்தினாள். வில்லைத் தாழ்த்தி, எட்டித் தாளைப் புரட்டினாள். தாதி நிறுத்தவே இல்லை. அவள் வில் போட்டபடியே இருக்க, இவள் தாளை நீவிவிட்டு மறுபடி வயலினைத் தாடையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அதே மாதிரி. தாதி வாசிக்கிறாள், இவள் புரட்டுகிறாள். ஒத்திகையில் நிமிடத்துக்கு ஒரு தரம் நிறுத்திக்கொண்டே இருந்ததால் இது என் கண்ணில் பட்டதில்லை.

எனக்குள் ஏதோ குளிர்ந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் குளிர்ந்தது என்பதுதான் சரியான சொல். ஓகோ, இதுதான் உன் உத்தியோகமா என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் மேடையில் ஒருவருக்குத் தண்ணீர்ச் செம்பு எடுத்துக் கொடுக்கிறவர் உண்டு, தம்பூராவைத் தாங்கிப் பிடிக்கிறவர் உண்டு. அவர்களுக்கு யாரும் கை தட்டமாட்டார்கள். முடிந்ததும் மண்டபமே எழுந்து தட்டியது. நானும் எழுந்து நன்றாகவே தட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அவள் அப்பா எங்கள் மில்லுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கூடவே மாதா கோயிலில் அவருக்குப் பழக்கமானவர்கள் இரண்டு பேர். வேண்டுமென்றேதான் அழைத்துவந்திருந்தார்.

"சொல்லும்மா. எப்படி வாசிச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "பக்கத்துல ஒரு சீனப் பொண்ணு. அது நிறுத்தாம வாசிக்குது. அதுக்கு இவதான் தாள் புரட்டி விடறா. கரெக்டாப் புரட்டினா."

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "தாள் புரட்டவா டவுனு வரைக்கும் போகுது பொண்ணு?" என்றார். அவள் அப்பா சிரிக்கவில்லை. "அப்படியா" என்றார். கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வந்தவர்களைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பல வருடம் நான் இதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒத்திகைக்குப் போகவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வயலின் பெட்டி அவர்கள் வீட்டு அலமாரி மேல் ஏறியது. சீனச்சிக்கு எடுபிடி வேலை செய்ய என் மகள் ஒன்றும் போக வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம் அவள் மாடிக்கு என்னைத் தேடி வந்தாள். நான் தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"நீ கூட வந்தியே. நானும் வாசிச்சேன்னு அப்பாகிட்டச் சொல்லுடி."

"பாத்ததத்தானே சொன்னேன்."

"உள்பக்கம் உக்கார்றவங்கதான் புரட்டணும். எல்லா ஸ்டாண்டுலயும் அப்படித்தான். அது முறை. வெளிப்பக்கம் இருக்கவங்க நிறுத்தக்கூடாது, சத்தம் அந்தப் பக்கமாத்தானே போகுது. அப்பாகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். சரியாகச் சொன்னால், அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது. "எனக்கென்ன தெரியும், எனக்குத்தான் தாளே படிக்கத் தெரியாதே" என்றேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த நவராத்திரிக்கு நான் அம்மன் கோயிலில் ஒன்பது நாளும் வாசித்தேன். தெருவில் மறுபடியும் பிடில்காரி நான் ஒருத்திதான். அவள் ஒரு நாளும் கேட்க வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு வருடம்கூடத் தவறாமல் வந்து, தூண் ஓரம் நின்று, முடிந்ததும் "கால் மரத்துப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனவள். ஒன்றிரண்டு வருடத்தில் அவள் கல்யாணமாகிப் புக்கிட் பாஞ்சாங்குக்குப் போய்விட்டாள். பத்திரிகை வந்தது, நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எனக்கும் கல்யாணம் ஆனது. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஆபீசில் இரண்டு இலவச டிக்கெட் கொடுத்தார்கள் என்று கொண்டுவந்தார். அதே மண்டபம், அதே குழு. இந்தத் தடவை மாடியில் இடம். முதல் நாலு ஸ்வரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதே சிம்பொனி. என் வீட்டுக்காரர் பத்து நிமிடத்தில் கண்ணயர்ந்துவிட்டார். நான் அந்த மூன்றாவது ஸ்டாண்டைத் தேடினேன். தாதி இருந்தாள். தலையில் கொஞ்சம் நரை, அதே தடித்த கண்ணாடி. அவளுக்கு உள்பக்கத்து நாற்காலியில் யாரோ ஓர் இளம் பெண். எனக்கு வேண்டியவள் யாரும் மேடையில் இல்லாததால், முதல் தடவையாக நான் எல்லோரையும் பார்த்தேன்.

கடைசிப் பகுதி வந்தது. வில்லெல்லாம் பறந்தன. ஓர் இடத்தில், வரிசையில் இருந்த அத்தனை உள்பக்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் வில்லைத் தாழ்த்தினார்கள், எட்டினார்கள், புரட்டினார்கள், தாதியின் பக்கத்துப் பெண் மட்டும் ஒரு வரி முந்தி. எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த தலைமை வயலின்காரருக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்ட வயதான துரை ஒருவர் இருந்தார். அவரும் நிறுத்திப் புரட்டினார். கொஞ்சம் தள்ளிப் பெரிய பிடில்காரர்களும் அப்படியே. யாருக்கும் யாரும் எடுபிடி இல்லை. முறை. அன்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். மேடையில் அறுபது பேர் இருந்தார்கள், நான் ஒருத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை மெதுவான பகுதியில் வராத அழுகை எனக்கு அந்த வேகமான பகுதியில் வந்தது. விழித்துக்கொண்ட என் வீட்டுக்காரர், "என்னா, அவ்வளவு சோகமா இருக்கா இது?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் பஸ் ஏறிப் புக்கிட் பாஞ்சாங் போனேன். வீட்டு முன்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு "வா" என்று உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கலந்து கொடுத்தாள். சுவரிலும் அலமாரி மேலும் என் கண் வயலினைத் தேடியது. "கான்வென்டுக்கே குடுத்துட்டேன்" என்றாள், நான் கேட்காமலே.

கச்சேரிக்குப் போனதைச் சொன்னேன். மாடியிலிருந்து பார்த்ததைச் சொன்னேன். "தப்பு என்னோடதுதான். ஒன்மேல எனக்குப் பொறாமை. அதான் ஒங்கப்பாகிட்ட அப்படிச் சொன்னேன்" என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி" என்றாள். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்பாகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'கூடப் போன பொண்ணு, சங்கீதம் தெரிஞ்ச பொண்ணு, ஒன் உயிர்த் தோழி. அது எதுக்கு ஒன்ன மட்டமாச் சொல்லப் போகுது'ன்னு கேட்டாரு. அதுக்கு எனக்குப் பதில் தெரியும். சொன்னா ஒன்ன வீட்டுல சேக்க மாட்டாருன்னு சொல்லல."

கோப்பியைக் கீழே வைத்தேன். அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். வந்ததிலிருந்து நான் பார்க்காத வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது.

"அவ எப்படி இருக்கா? அந்த நர்சு?"

"நரைச்சிருச்சு. நல்லாத்தான் வாசிக்குது."

"இப்ப அவகூட யாரு?"

"யாரோ சின்னப் பொண்ணு."

"அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்ல. தாளோட கடைசி வரி அடியில இருக்கும், கண்ணாடிக்கு எட்டாது. அதனால அந்த வரிய மட்டும் மனப்பாடம் பண்ணிருவா. நான் ஒரு வரி முன்னாடியே புரட்டிருவேன்" என்று அவள் கையை நீட்டி, இல்லாத தாள் ஒன்றை மெதுவாகப் புரட்டிக் காட்டினாள். "அந்தப் பொண்ணுக்கு அது தெரியுமா? முன்னாடியே புரட்டுதா?"

மன்னிப்புக் கேட்கத்தான் பத்து மைல் பஸ்ஸில் போயிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் இன்னும் வாசிக்கிறேனா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்றில் நின்ற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, "கவனிக்கலடி" என்றேன். அந்தச் சின்னப் பெண் முன்னாடியே புரட்டியதை நான் நன்றாகக் கவனித்திருந்தேன்.